விரலில் தொடங்கித் தோளில் முடிந்தது



நேற்றுவரை எவராலும் வெல்ல முடியாதவராய் விளங்கிய ஒருவர், இன்று சாதாரணமானவர்களிடமும் தோற்று நிற்கிறார். 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்கிறோம். 'அவருடைய காலம் முடிந்தது' என்று நாமே விடையும் கூறிவிட்டு, அடுத்தவரைப் புகழப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்கு உரிய விடையை இத்திங்கள் சற்றுப் பொறுமையுடன் தேடுவோம். அதற்காக உங்களை அமெரிக்க நாட்டின் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்கிறேன்.

பேஸ்பால் நம்மில் பலர் கண்டறியாத ஆட்டம். ஆயினும் கிரிக்கெட்டை அறிந்தவர்க்கு அது முற்றிலும் அயலானதன்று. அங்கும் ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஆனால் பேஸ்பால் பந்து வீச்சாளர் ஓடிவந்து வீசுவதில்லை. திடலின் நடுவே ஒரு சிறு மேட்டின்மேல் நின்று, ஒரு காலை உயர்த்தி, அதை முன்னே நீட்டி ஊன்றி, முழங்கையை மடக்கி விசையுடன் எறிகிறார். பந்து தரையில் படாமல் நேரே மட்டையாளரை நோக்கிச் செல்லும். இடைப்பட்ட தொலைவு 60 அடி 6 அங்குலம். 1893-ஆம் ஆண்டு முதல் இந்த அளவு மாறவில்லை. ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் பந்து வீச்சாளரின் பெயரிலேயே கணக்கில் எழுதுவார்கள். எனவே அவர் உயர்ந்தாலும் ஊர் முழுவதும் அறியும். தாழ்ந்தாலும் ஊர் முழுவதும் அறியும்.

வேகத்தின் விலை

மணிக்கு 95 மைல் வேகத்தில் எறியப்படும் பந்து ஒரு விநாடியின் பத்தில் நான்கு பங்கு நேரத்தில் மட்டையாளரை அடைந்துவிடும். அதற்குள் அவர் பந்தைக் கண்டு, கணித்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். பந்தின் வேகம் மூன்று மைல் குறைந்தால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது விநாடியில் நூறில் ஒரு பங்கே. அது மிகச் சிறிய அளவென்று நமக்குத் தோன்றும். ஆனால் தேர்ந்த மட்டையாளருக்கு, தவறவிட்டிருக்க வேண்டிய பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்ப அதுவே போதும். மாவீரர் ஒருவரின் புகழ் இத்துணை மெல்லிய இழையில் தொங்குகிறது.

இந்த வேகம் கையில் மட்டும் பிறப்பதன்று. தரையை உதைக்கும் காலில் தொடங்கி, இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு எனப் படிப்படியாக ஏறி, விரல் நுனியில் அது வெளிப்படுகிறது. முன்னே ஊன்றிய கால் உறுதியாய் நின்றால்தான் உடல் அதன்மேல் சுழல முடியும். அக்கணத்தில் தோள் மூட்டு சுழலும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7,000 பாகை. மனித உடலின் அசைவுகளுள் மிக விரைவானவற்றில் இதுவும் ஒன்று.

முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் ஒரு சிறு நார் உண்டு. வேகப் பந்து ஒவ்வொன்றின்போதும் அந்த நார் தனித்துத் தாங்கக்கூடிய எல்லையை ஒட்டிய இழுவிசை அங்கே உண்டாகிறது. சுற்றியுள்ள தசைகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால்தான் அது அறுபடாமல் இருக்கிறது. தசைகள் களைத்துவிட்டால் சுமை முழுவதும் அந்தச் சிறு நாரின்மேல் விழும். பந்து வீச்சாளர் களைப்புடன் எறியலாகாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அகவையும் தன் பங்கைச் செய்கிறது. பெரும்பாலான வீச்சாளர்களின் வேகம் இருபதுகளின் இறுதியிலிருந்தே மெல்லக் குறையத் தொடங்கும். இது இயற்கை. இதைப் பற்றி வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இயற்கை குறித்த நாளுக்கு வெகு முன்பே வீழ்ந்தவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரது வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

டிஸ்ஸி டீன்

1910-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் டீன். பிறர் நிலத்தில் பயிரிட்டுப் பிழைத்த குடும்பம் அது. சிறு வயதிலேயே பருத்தி எடுக்கச் சென்றார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இளமையில் இராணுவத்தில் சேர்ந்தார். 'தலை சுற்றுபவர்' என்று பொருள்படும் 'டிஸ்ஸி' என்ற பட்டப்பெயர் அங்குதான் ஒட்டிக்கொண்டது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் இடம் பெற்ற பிறகு அவரைத் தடுக்க எவராலும் இயலவில்லை. வேகமான பந்து, கூர்மையான குறி, ஓயாத நகைச்சுவை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தவர் அவர். தம் வெற்றியை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சொன்னபடியே வெல்வதில் அவருக்கு அலாதி மகிழ்ச்சி.

1934-ஆம் ஆண்டில் அவர் பெற்ற வெற்றிகள் 30, தோல்விகள் 7. நேஷனல் லீக்கில் அவருக்குப் பின் இன்றுவரை எவரும் ஓர் ஆண்டில் 30 வெற்றிகளை எட்டியதில்லை. அதே அணியில் அவருடைய தம்பி பால் டீனும் அவ்வாண்டு 19 வெற்றிகள் பெற்றார். ஆண்டின் இறுதியில் நடைபெறும் உலகத் தொடரில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை எதிர்த்து அண்ணன் இரண்டு ஆட்டங்களையும் தம்பி இரண்டு ஆட்டங்களையும் வென்று, கோப்பையைத் தங்கள் அணிக்குப் பெற்றுத் தந்தனர்.

அந்தத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் ஒரு நிகழ்ச்சி. டீன் அன்று பந்து வீசவில்லை. வேறொரு வீரருக்குப் பதிலாக ஓடுவதற்கு மட்டும் இறங்கினார். எதிரணி வீரர் எறிந்த பந்து அவருடைய தலையில் தாக்கியது. உணர்விழந்தவரைத் திடலிலிருந்து தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தனர். மறுநாளே அவர் பந்து வீச வந்துவிட்டார். அந்த ஆட்டம் தோல்வியில் முடிந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து, தொடரின் இறுதி ஆட்டத்தில், எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் 11-0 என்று வென்றார். நாடே வியந்து கைகொட்டியது.

வாசகர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 'அடிபட்டாலும் மறுநாள் எழுந்து வந்துவிடுவார்' என்ற புகழ் அன்று அவருக்குக் கிடைத்தது. புகழ் ஒருவருக்கு ஒரு வழக்கத்தைக் கற்பித்துவிட்டால், பிறகு அதை விட்டு விலகுவது எளிதன்று.

1935-இல் 28 வெற்றிகள், 1936-இல் 24. இந்த எண்களுக்குப் பின்னால் வேறு எண்கள் மறைந்திருக்கின்றன. 1932 முதல் 1936 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அவர் வீசிய இன்னிங்ஸ் 1,500-க்கும் மேல். இன்றைய தலைசிறந்த வீச்சாளர்கள் ஓர் ஆண்டில் 200 இன்னிங்ஸைத் தாண்டுவதே அரிது. அவரோ 300-க்கு மேல் மும்முறை வீசினார். ஒரு நாள் முழு ஆட்டமும் வீசுவார். இடையில் அணி இடர்ப்பட்டால் ஓய்வு நாளிலும் வந்து கைகொடுப்பார். எவரும் அதைத் தடுக்கவில்லை. அவரும் மறுக்கவில்லை. தம்பி பாலின் தோள் 1936-இலேயே பழுதுற்றது. அந்த எச்சரிக்கையும் கவனிக்கப்படவில்லை.

விரலில் பட்ட அடி

1937-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7-ஆம் நாள். வாஷிங்டன் நகரில் இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும் ஆண்டு ஆட்டம். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டும் வந்திருந்தார். டீனுக்கு அப்போது வயது 27. மூன்றாம் இன்னிங்ஸில் ஏர்ல் அவெரில் என்பவர் அடித்த பந்து அம்பு போல் திரும்பி வந்து டீனின் காற்பெருவிரலைத் தாக்கியது. எலும்பு முறிந்தது.

பந்து வீசும் கைக்கு ஒன்றும் நேரவில்லை. தோள் நலமாயிருந்தது, முழங்கை நலமாயிருந்தது. ஒரு விரல் மட்டுமே முறிந்தது. சில வாரங்கள் பொறுத்திருந்தால் ஆறியிருக்கக் கூடியது. ஆனால் மருத்துவமனையிலிருந்து மறுநாளே வந்து பழகியவர் அல்லவா அவர்? விரல் முழுதும் ஆறுவதற்கு முன்பே மேட்டின்மேல் ஏறிவிட்டார்.

முன்காலை ஊன்றும்போது விரலில் வலி எடுத்தது. வலிக்கு அஞ்சிய உடல், அவர் அறிந்தோ அறியாமலோ, காலை மெல்ல ஊன்றத் தொடங்கியது. கால் உறுதியாய் ஊன்றாததால் இடுப்பின் சுழற்சி குறைந்தது. இடுப்பு செய்ய வேண்டிய வேலை தோளின்மேல் விழுந்தது. ஐந்து ஆண்டுகளாகக் களைத்திருந்த தோள் அந்தப் புதிய சுமையைத் தாங்கவில்லை. விரல் ஆறியது. தோள் ஆறவே இல்லை. அந்தப் புகழ்பெற்ற வேகம் போயிற்று, மீண்டும் வரவில்லை.

'ஒரு விரல் முறிந்ததால் ஒரு மாவீரர் வீழ்ந்தார்' என்று இக்கதையைச் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். அது முழு உண்மையன்று. சிறிய காயத்துக்கு உரிய சிறிய ஓய்வு கொடுக்கப்படவில்லை என்பதே இதன் உட்பொருள். காயம் விரலில் ஏற்பட்டது. அதை மறைத்ததற்கான தண்டனையைத் தோள் அனுபவித்தது.

வேகம் போன பின்

1938-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிகாகோ கப்ஸ் அணி அவரை விலைக்கு வாங்கியது. மூன்று வீரர்களையும் 1,85,000 டாலர் தொகையையும் கொடுத்து, வேகம் இழந்த ஒரு தோளைப் பெற்றது. பலர் நகைத்தனர். ஆனால் அவ்வாண்டு டீன் 7 ஆட்டங்களை வென்று, ஒன்றில் மட்டுமே தோற்றார். எவ்வாறு? மெதுவான பந்தை எறிந்தார். வேகத்தை மாற்றி மாற்றி மட்டையாளரின் கணிப்பைக் குலைத்தார். குறி தவறாமல் ஓரங்களில் எறிந்தார். ஆற்றல் போன இடத்தில் அறிவை வைத்து ஆடினார். செப்டம்பர் 27-ஆம் நாள், பல வாரங்களாக ஆடாதிருந்த அவரை, முதலிடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு எதிராக இறக்கினார்கள். சிகாகோ 2-1 என்று வென்றது.

அதன் பின் உலகத் தொடர். அக்டோபர் 6-ஆம் நாள் சிகாகோவில் இரண்டாம் ஆட்டம். எதிரே ஜோ டிமாஜியோ போன்றோர் அடங்கிய நியூயார்க் யாங்கீஸ் அணி. ஏழு இன்னிங்ஸ் முடிந்தபோது சிகாகோ 3-2 என்று முன்னணியில் இருந்தது. வேகமே இல்லாத பந்துகளால், அந்நாளின் மிக வலிய அணியை டீன் கட்டி வைத்திருந்தார். எட்டாம் இன்னிங்ஸில் பேரடிக்குப் பெயர் பெறாத பிராங்க் குரோசெட்டி பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பினார். ஒன்பதாவதில் டிமாஜியோவும் அவ்வாறே செய்தார். ஆட்டம் 6-3 என்று கைநழுவிற்று. எனினும் 30 வெற்றிகள் பெற்ற ஆண்டைவிட, தோற்றுப்போன இந்த நாளிலேயே டீனின் பெருமை தெளிவாய் விளங்கியது என்று நான் கருதுகிறேன். அன்று அவர் தமக்கு இல்லாததைக் கொண்டு ஆடவில்லை. எஞ்சியிருந்ததைக் கொண்டு ஆடினார்.

1937-இன் இறுதிவரை 134 வெற்றிகள் பெற்றிருந்தவர் அதன்பின் பெற்றவை 16 மட்டுமே. 1941-இல், 31 வயதில், வீரர் என்ற நிலையிலிருந்து விலகி, வானொலியில் ஆட்ட வருணனையாளர் ஆனார். இலக்கணத்துக்கு அடங்காத அவரது ஆங்கிலத்தைக் கேட்டுப் பள்ளி ஆசிரியர்கள் முறையிட்டனர். மக்களோ மகிழ்ந்து கேட்டனர். 1947-இல், தாம் வானொலியில் குறை கூறிவந்த செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காகவே ஒருநாள் இறங்கி, நான்கு இன்னிங்ஸ் ஓட்டம் கொடாமல் வீசிக் காட்டினார். 1953-இல் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் வாழ்வு வீணாகிவிடவில்லை. ஆனால் அந்தத் தோளுக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் அவர் கதையைப் படிப்பவர் எவருக்கும் எழும்.

காயம் இல்லாத வீழ்ச்சி

உடலில் காயம் இன்றியே வீழ்ந்தவர்களும் உண்டு. பிட்ஸ்பர்க் அணியின் ஸ்டீவ் பிளாஸ் 1971-ஆம் ஆண்டு உலகத் தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்றவர்; இறுதி ஆட்டமும் அவற்றுள் ஒன்று. 1972-இல் 19 வெற்றிகள். அடுத்த ஆண்டு திடீரெனப் பந்தை உரிய இடத்தில் எறியும் திறன் அவரைவிட்டு நீங்கியது.

பேஸ்பாலில் குறி தவறிய பந்துகள் நான்கு எறியப்பட்டால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்குச் சென்றுவிடலாம். 1972-இல் ஏறத்தாழ 250 இன்னிங்ஸில் பிளாஸ் அவ்வாறு விட்டது 84 பேரை. 1973-இல் 89 இன்னிங்ஸ்கூட நிறைவதற்குள் அதே 84 பேரை விட்டுவிட்டார். மருத்துவர்கள் உடலில் குறை எதுவும் காணவில்லை. பயிற்சியில் நன்றாகவே எறிந்தார். மட்டையாளர் எதிரே நின்றால் மட்டும் கை கேட்க மறுத்தது. பலரும் பல வைத்தியம் சொன்னார்கள். எதுவும் பலிக்கவில்லை. 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றார். பிற்காலத்தில் அவரும் டீனைப் போலவே வருணனையாளராகி, அதே நகர மக்களின் அன்பைப் பல ஆண்டுகள் பெற்றிருந்தார்.

நாம் நினையாமலே செய்யும் செயல்கள் பல. படியிறங்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கத் தொடங்கினால் கால் தடுமாறும். பல ஆயிரம் முறை தானே இயங்கிய கையை மனம் குறுக்கிட்டு ஆளத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும் என்பர் இத்துறையினர். 'சோம்பல்', 'அக்கறையின்மை' என்று இத்தகைய தடுமாற்றத்துக்குப் பெயரிடுவது எளிது. பிளாஸ் முயலாமல் வீழ்ந்தவர் அல்லர். முயன்று முயன்று வீழ்ந்தவர்.

நின்றவரும் காத்திருந்தவரும்

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கோஃபக்ஸ் 1963 முதல் 1966 வரை நான்கே ஆண்டுகளில் 97 வெற்றிகள் பெற்றார். ஆனால் அவருடைய இடது முழங்கையில் மூட்டு வாதம் முற்றியிருந்தது. ஊசி மருந்தின் துணையாலும் பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தியும் வலியை அடக்கி ஆடினார். கை முழுதாக நீளவும் மறுத்தது. 1966-இல் 27 வெற்றிகள் பெற்ற கையோடு, நவம்பர் 18-ஆம் நாள், 30 வயதில், 'போதும்' என்று அறிவித்தார். எஞ்சிய நெடுங்காலத்தைப் பழுதில்லாத உடலோடு வாழ விரும்புவதே அவர் கூறிய காரணம். அவரது வீழ்ச்சியை உலகம் காணவே இல்லை.

மற்றொருவர் டாமி ஜான். டிஸ்ஸி டீன் மறைந்தது 1974-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள். வியப்புக்குரிய முறையில் அதே நாளில்தான் டாமி ஜானின் இடது முழங்கை நார் அறுந்தது. அந்நாள்வரை அத்தகைய காயம் ஒரு வீச்சாளருக்கு முடிவுரையாகவே இருந்தது. ஆனால் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செப்டம்பர் 25-ஆம் நாள், ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். எவரும் அதுவரை செய்யாத அறுவை அது. 1975-ஆம் ஆண்டு முழுவதும் ஜான் ஓர் ஆட்டமும் ஆடவில்லை; பொறுமையுடன் பயின்றார். 1976-இல் திரும்பி வந்தார். 1989 வரை, 46 வயதுவரை ஆடினார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பின் பெற்றவை. மருத்துவரின் கைத்திறனுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் ஓராண்டுக் காலம் காத்திருக்க ஒருவர் மனம் ஒப்பியதையும் நாம் மறக்கலாகாது. டீனுக்கு வேண்டியிருந்தது சில வாரங்களே.

இல்லங்களுக்கு ஒரு சொல்

இன்று அதே அறுவையை அமெரிக்காவில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது என்பது வேதனையான செய்தி. ஆண்டு முழுவதும் ஓய்வின்றி எறிவது அதற்கு ஒரு முதன்மையான காரணம். இதைக் கண்டு அந்நாட்டின் பேஸ்பால் அமைப்புகள் 2014-இல் வயதுவாரியாக வரம்பு வகுத்தன. 7, 8 வயதுக் குழந்தை ஒரு நாளில் 50 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 9, 10 வயதில் 75. 11, 12 வயதில் 85. பிள்ளை நன்றாக எறிகிறானே என்பதற்காக இந்த எண்ணை உயர்த்தக் கூடாது. நன்றாக எறியும் பிள்ளையைத்தான் பெரியவர்கள் மேலும் எறியச் சொல்கிறார்கள். ஆதலால் அவனுக்கே இவ்வரம்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது.

நம் இல்லங்களில் பேஸ்பால் இல்லை. ஆனால் வலியை மறைத்து வேலை செய்வோரைப் புகழும் வழக்கம் நம்மிடமும் உண்டு. காய்ச்சலோடு அடுப்படியில் நிற்கும் தாயை மெச்சுகிறோம். முதுகு வலியைச் சொல்லாமல் இரவு வேலைக்குச் செல்லும் தந்தையைப் பெருமையாகப் பேசுகிறோம். கண் எரியப் படிக்கும் பிள்ளையை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறோம். அந்தப் பாராட்டு அன்பினால் எழுவதே. ஆனால் 1934-இல் டீனுக்குக் கைகொட்டியவர்களும் அன்பினால்தான் கைகொட்டினார்கள்.

இன்றிரவு உணவுக்கு அமரும்போது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று வழக்கமாகச் சொல்பவர் உங்கள் வீட்டில் யார் என்று பாருங்கள். அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். விரலில் வலி இருக்கும்போதே அதை அறிந்துகொண்டால், தோளைக் காக்கலாம்.